முதல் இன்டிபாடா எப்படி முடிந்தது?

1993 செப்டம்பர் 9 அன்று பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் தலைவர் யாசர் அராபத் ஒரு சின்னக் கடிதம் எழுதினார். மேற்குக் கரையிலும் காசாவிலும் வாழும் பாலஸ்தீனர்கள் வன்முறையைக் கைவிட வேண்டும், வாழ்க்கை இயல்புக்குத் திரும்ப வழிசெய்யும் வேலைகளில் கலந்துகொள்ள வேண்டும் என்று தன் இயக்கம் கேட்டுக்கொள்ளும். இஸ்ரேலுடன் ஒப்பந்தம் கையெழுத்தானதும் இதைத் தானே பகிரங்கமாக அறிவிப்பார். கடிதத்தின் சாரம் இவ்வளவுதான். ஏறக்குறைய ஆறு ஆண்டுகளாக அந்த மண்ணில் நடந்துகொண்டிருந்த முதல் இன்டிபாடா என்ற மக்கள் எழுச்சிக்கு முற்றுப்புள்ளி வைத்தது எது என்று கேட்டால், பலரும் இந்த நாட்களைத்தான் காட்டுவார்கள்.

கடிதம் யாருக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள். போராடிய மக்களுக்கு அல்ல. இஸ்ரேல் பிரதமருக்குக்கூட அல்ல, அவருக்குத் தனிக் கடிதம் போனது. இது நார்வே நாட்டு வெளியுறவு அமைச்சர் யோஹன் யோர்கன் ஹோல்ஸ்டுக்கு எழுதியது. எழுதியவரின் தலைமையகம் வட ஆப்பிரிக்காவில், துனிசில் இருந்தது. எழுச்சி நடந்த தெருக்களில் அந்த ஆறு ஆண்டுகளில் அவர் ஒரு நாளும் நடந்ததில்லை. நடக்க இஸ்ரேல் விட்டிருக்காது. உள்ளே இருந்தவர்கள் தொடங்கிய ஒன்றை வெளியே இருந்தவர்கள் முடித்துவைத்தார்கள். அது ஏன் அப்படி ஆயிற்று என்று புரிந்துகொண்டால், பின்னால் நடந்த பல விஷயங்களும் புரியும்.

எழுச்சிக்கு முன்

இதைப் புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். 1967 ஜூன் போரில் ஜோர்டானிடமிருந்து மேற்குக் கரையையும் கிழக்கு ஜெருசலேமையும், எகிப்தின் கட்டுப்பாட்டிலிருந்த காசாவையும் இஸ்ரேல் பிடித்தது. கிழக்கு ஜெருசலேமைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. மற்ற இடங்களில் ராணுவ ஆட்சி. வீடு கட்ட, கிணறு வெட்ட, வெளியூர் போக எல்லாவற்றுக்கும் ராணுவ நிர்வாகத்தின் அனுமதி தேவை. வரி கட்ட வேண்டும், ஆனால் வாக்குரிமை கிடையாது. பாலஸ்தீனக் கொடியைத் தூக்கினால் சிறை. இன்னொரு பக்கம் யூதக் குடியேற்றங்கள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்தன.

இருபது ஆண்டுகள் இப்படியே ஓடின. அதற்குள் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்துவிட்டது. நூறாயிரத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனத் தொழிலாளர்கள் தினமும் விடிகாலையில் கிளம்பி இஸ்ரேலுக்குள் போய்க் கட்டட வேலையும் வயல் வேலையும் செய்துவிட்டு, பொழுது சாயும்போது திரும்பினார்கள்.

1987 டிசம்பர் 8. காசாவின் வடக்கு எல்லையில் எரெஸ் என்ற இடத்தருகே, வேலை முடிந்து திரும்பிக்கொண்டிருந்த தொழிலாளர்களின் வண்டிகள் மீது இஸ்ரேல் ராணுவ லாரி ஒன்று மோதியது. நான்கு பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் ஜபாலியா அகதி முகாமைச் சேர்ந்தவர்கள். இரண்டு நாள் முன்புதான் காசா நகரில் ஒரு இஸ்ரேலியர் குத்திக் கொல்லப்பட்டிருந்தார். அதற்குப் பழிவாங்கத்தான் லாரியை ஏற்றினார்கள் என்ற பேச்சு இரவோடு இரவாக முகாமெங்கும் பரவியது. விபத்துதான் என்றது இஸ்ரேல். கேட்கும் மனநிலையில் யாரும் இல்லை. மறுநாள் ஜபாலியாவில் கல்லெறி, துப்பாக்கிச் சூடு, ஒரு பதினேழு வயதுப் பையன் சாவு. ஒரு வாரத்துக்குள் காசாவும் மேற்குக் கரையும் தெருவில் இறங்கிவிட்டன.

'இன்டிபாடா' என்ற அரபுச் சொல்லுக்கு உதறிவிடுதல் என்று பொருள். மேலே படிந்ததை உடம்பை ஓர் உலுக்கு உலுக்கி உதறுவது போல. போர், புரட்சி என்று பெயர் வைக்காமல் இப்படி ஒரு பெயர் நிலைத்தது எனக்கு எப்போதும் முக்கியமாகப் படுகிறது.

துண்டறிக்கையின் ஆட்சி

கல்லெறியும் சிறுவர்களின் படங்கள்தான் உலகத்தின் நினைவில் நின்றன. ஆனால் எழுச்சியின் உயிர் வேறு இடத்தில் இருந்தது. 1988 ஜனவரியிலிருந்து 'எழுச்சியின் ஒருங்கிணைந்த தேசியத் தலைமை' என்ற பெயரில் எண்ணிட்ட துண்டறிக்கைகள் வரத் தொடங்கின. அராபத்தின் ஃபத்தா, இரண்டு இடதுசாரி முன்னணிகள், கம்யூனிஸ்டுகள் என நான்கு அமைப்புகளின் உள்ளூர் ஆட்கள் சேர்ந்து நடத்திய தலைமறைவுக் குழு அது. ஒரு கூட்டத்தைக் கைது செய்தால் அடுத்த கூட்டம் வந்து உட்கார்ந்துவிடும். யார் தலைவர் என்று வெளியில் யாருக்கும் தெரியாது. எழுச்சியின் பலமே அதுதான்.

துண்டறிக்கை சொன்னபடி கடைகள் காலையில் சில மணி நேரம் மட்டும் திறந்தன. மதியத்துக்கு மேல் முழுக் கடையடைப்பு. ராணுவம் வந்து பூட்டை உடைத்துத் திறக்கச் சொல்லும். அவர்கள் போனதும் கடைக்காரர் மறுபடி அடைப்பார். காலையில் திறந்தால் மூடச் சொல்வார்கள், மதியம் மூடினால் திறக்கச் சொல்வார்கள். ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி, எழுச்சி தொடங்கிய நாளின் நினைவாகப் பொது வேலைநிறுத்தம். ராணுவ நிர்வாகத்தின் கீழ் வேலை பார்த்த பாலஸ்தீனப் போலீஸ்காரர்கள் நூற்றுக்கணக்கில் வேலையை விட்டார்கள். கோடைக்குக் கடிகார நேரத்தை மாற்றும் நாளைக்கூட இஸ்ரேல் அறிவித்த நாளில் மாற்றாமல் தாங்களாக ஒரு நாள் வைத்து மாற்றினார்கள். கையில் கட்டிய கடிகாரமே எந்தப் பக்கம் என்று காட்டியது.

பெத்லகேமுக்குப் பக்கத்தில் பெய்ட் சஹூர் என்று ஒரு சின்ன ஊர். கிறிஸ்தவர்கள் அதிகம் வாழும், படித்தவர்களும் சிறு தொழில் செய்பவர்களும் நிறைந்த ஊர். பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி கிடையாது என்று சொல்லி ஊரே வரி கட்ட மறுத்தது. 1989 செப்டம்பரில் ராணுவம் ஊரைச் சுற்றி வளைத்தது. தொலைபேசி இணைப்புகளை வெட்டினார்கள், ஊரடங்கு போட்டார்கள். வரிப் பாக்கிக்கு ஈடு என்று வீட்டுக்கு வீடு புகுந்து குளிர்சாதனப் பெட்டி, மேசை நாற்காலி, பட்டறை இயந்திரங்கள் என்று லாரிகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆறு வாரம் போல இது நடந்தது. இதே ஊர்க்காரர்கள்தான் முன்பு இஸ்ரேல் பாலை வாங்காமல் இருக்கப் பதினெட்டுப் பசுக்களை வாங்கி வளர்த்தார்கள். அந்த மாடுகள் இஸ்ரேலின் பாதுகாப்புக்கு ஆபத்து என்று ராணுவம் அவற்றைத் தேடி அலைந்தது. பசுக்களை இரவில் வீடு மாற்றி வீடு மறைத்துவைத்தார்கள்.

பெய்ட் சஹூரைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எழுச்சி உச்சத்தில் இருந்தபோது அது என்னவாக இருந்தது என்பதை இந்த ஊர் காட்டுகிறது: பால், காய்கறி, வகுப்பு, வைத்தியம் என்று அன்றாடத்தை ராணுவத்திடமிருந்து பிடுங்கித் தாங்களே நடத்துவது. கொல்லையில் காய்கறி போட்டார்கள். பள்ளிகளை ராணுவம் மாதக்கணக்கில் மூடியபோது வீட்டுக்குள்ளும் தேவாலயங்களிலும் மசூதிகளிலும் வகுப்பு நடத்தினார்கள். இதையெல்லாம் நடத்திய மக்கள் குழுக்களை 1988 ஆகஸ்டில் இஸ்ரேல் சட்டவிரோதம் என்று அறிவித்தது.

களைப்பு

எந்த எழுச்சியும் சாப்பாட்டுக் கணக்கைத் தாண்டி ஓட முடியாது. பாதி நாள் கடை மூடியிருந்தால் பாதி வருமானம். வேலைநிறுத்த நாளில் கூலி இல்லை. ஊரடங்கு போட்டால் வயலுக்கும் போக முடியாது. பிர்சைட் பல்கலைக்கழகம் 1988 ஜனவரியில் மூடப்பட்டது. திரும்பத் திறக்க 1992 ஏப்ரல் ஆயிற்று. நாலு வருடத்துக்கும் மேல். பட்டம் வாங்க வேண்டிய வயதில் பலர் நெகேவ் பாலைவனத்தின் கெட்சியோட் சிறைக் கூடாரங்களில் இருந்தார்கள்.

அப்போது பாதுகாப்பு அமைச்சர் யிட்சாக் ராபின். பலம், வலிமை, அடி என்பதுதான் எழுச்சியை அடக்கும் வழி என்று 1988 ஜனவரியில் பேசினார். அந்தக் கொள்கை எலும்பு முறிந்த கைகால்களாகத் தெருவில் தெரிந்தது. மேற்குக் கரையின் நாப்லஸ் நகர் அருகே படையினர் இரண்டு இளைஞர்களைக் கல்லால் அடிப்பதை அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று படம் பிடித்தது, உலகம் பார்த்தது. அடித்து அடக்க முடியவில்லை. இஸ்ரேல் படைத் தலைமைத் தளபதி டான் ஷொம்ரோனே இதை ராணுவத்தால் வேரோடு பிடுங்க முடியாது, இது ஒரு தேசிய உணர்வின் போராட்டம் என்று வெளிப்படையாகச் சொன்னார். பிற்பாடு ராபின் பேச்சுவார்த்தை மேசைக்கு வந்ததற்கு இந்த ஆண்டுகளில் அவர் கண்டதும் ஒரு காரணம்.

இந்தப் பக்கமோ எழுச்சி மெல்ல வேறு உருவம் எடுத்தது. ஊரே தெருவில் நின்ற காலம் போய், முகமூடி அணிந்த சிறு சிறு ஆயுதக் குழுக்களின் காலம் வந்தது. அதன் மிகக் கசப்பான பக்கம், காட்டிக்கொடுத்தவர்கள் என்ற பெயரில் நடந்த கொலைகள். இஸ்ரேலுக்கு உளவு சொன்னார்கள் என்று சொந்த மக்களாலேயே கொல்லப்பட்டவர்கள் 800 பேர் அளவில் இருப்பார்கள். அதில் உண்மையில் உளவு சொன்னவர்களும் உண்டு. பழைய பகை, ஒழுக்கம் பற்றிய சந்தேகம், வெறும் வதந்தி இவற்றால் செத்தவர்களும் உண்டு. விசாரணையே இல்லாமல் நடந்தவை இவை. இஸ்ரேலின் ஒற்றர் வலை அந்தச் சமூகத்துக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது என்பதும் உண்மைதான். அதற்காக இந்தக் கொலைகளை நியாயப்படுத்த என் மனம் ஒப்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரரை நம்பிப் பசுவை மறைத்துவைத்த எழுச்சி, பக்கத்து வீட்டுக்காரரையே பார்த்துப் பயப்படும் இடத்துக்கு வந்தது. அங்கேயே பாதி முடிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

கூடவே ஒரு போட்டியும் வளர்ந்தது. எழுச்சியோடு சேர்ந்து பிறந்த இஸ்லாமிய அமைப்பான ஹமாஸ், ஒருங்கிணைந்த தலைமைக்குள் வராமல் தனித் துண்டறிக்கை, தனி வேலைநிறுத்த நாள் என்று வைத்தது. இரண்டு தரப்புக்கும் கீழ்ப்படிய வேண்டிய கடைக்காரருக்கு மாதத்தில் திறக்கும் நாட்கள் இன்னும் குறைந்தன.

துனிசில் இருந்தவர்கள்

பாலஸ்தீன விடுதலை இயக்கத்தை 1982-இல் இஸ்ரேல் பெய்ரூட்டிலிருந்து விரட்டியிருந்தது. அதன் தலைமை துனிசில் போய் உட்கார்ந்தது. எழுச்சி வெடித்தது அவர்களுக்கே எதிர்பாராதது. ஆனால் சீக்கிரமே அதைத் தங்களோடு இணைத்துக்கொண்டார்கள். அந்த இணைப்பைப் பின்னியவர் அபு ஜிஹாத் என்ற கலீல் அல் வசீர். 1988 ஏப்ரல் 16 அன்று இஸ்ரேல் கமாண்டோக்கள் துனிசில் அவர் வீட்டுக்கே போய் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

உள்ளே சிந்திய ரத்தம் வெளியே இருந்தவர்களுக்கு அரசியல் பலமாக மாறியது. 1988 ஜூலை 31 அன்று ஜோர்டான் மன்னர் ஹுசைன் மேற்குக் கரையோடு இருந்த சட்ட, நிர்வாக உறவுகளைத் துண்டித்தார். நவம்பர் 15 அன்று அல்ஜியர்ஸில் பாலஸ்தீன அரசு பிரகடனம் செய்யப்பட்டது. இந்தியாவும் அந்த ஆண்டே அதை அங்கீகரித்தது. டிசம்பரில் ஜெனீவாவில் அராபத் இஸ்ரேலின் இருப்பை ஏற்று, பயங்கரவாதத்தைக் கைவிடுவதாகச் சொன்னதும் அமெரிக்கா அவரோடு பேச ஒப்புக்கொண்டது. எழுச்சி தொடங்கிச் சரியாக ஒரு வருடம். இந்த வேகத்தில் போனால் தனி நாடு பக்கத்தில்தான் என்று பலர் நம்பிய காலம் அது. அந்தப் பேச்சு 1990 ஜூனில் நின்றுபோனது. இயக்கத்தைச் சேர்ந்த ஒரு குழு இஸ்ரேல் கடற்கரை மீது படகில் வந்து தாக்க முயன்றதும், அதை அராபத் கண்டிக்காததும் காரணம்.

குவைத்

1990 ஆகஸ்ட் 2 அன்று சதாம் உசேனின் படை குவைத்துக்குள் புகுந்தது. இதற்கும் நாப்லஸ் கடைத்தெருவுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். இன்டிபாடா முடிந்த கதையில் மிகப் பெரிய திருப்பம் இதுதான்.

குவைத்திலிருந்து நான் விலக வேண்டுமானால் இஸ்ரேல் பாலஸ்தீனத்திலிருந்து விலகட்டும் என்றார் சதாம். இருபது வருடமாக யாரும் கேட்காத தங்கள் பெயரை ஒரு அரபு அதிபர் சொன்னதும், தெருவில் இருந்தவர்கள் அவரைக் கொண்டாடினார்கள். அராபத்தும் பாக்தாத் பக்கமே சாய்ந்தார். வளைகுடா அரசுகள் இதை மன்னிக்கவில்லை. இயக்கத்துக்குக் கொடுத்துவந்த பணத்தை நிறுத்தினார்கள். குவைத்தில் நாலு லட்சம் அளவில் பாலஸ்தீனர்கள் வாழ்ந்துவந்தார்கள். போருக்குப் பிறகு மிகப் பெரும்பாலோர் வெளியேற வேண்டியதாயிற்று. அவர்கள் ஊருக்கு அனுப்பிய பணமும் அத்தோடு நின்றது. கூலியிழந்த வீடுகள் இத்தனை நாள் சமாளித்ததே அந்தப் பணத்தால்தான்.

1991 ஜனவரியில் அமெரிக்கக் கூட்டணி போரைத் தொடங்கியதும், இஸ்ரேல் மேற்குக் கரையிலும் காசாவிலும் வாரக்கணக்கில் ஊரடங்கு போட்டது. ஈராக்கின் ஏவுகணைகள் இஸ்ரேல் நகரங்களில் விழுந்தன. போர் முடிந்தபோது சதாம் தோற்றிருந்தார். இயக்கத்தின் கையில் காசில்லை, நண்பர்களும் இல்லை. இயக்கத்துக்கு நெடுங்காலம் துணைநின்ற சோவியத் ஒன்றியமும் அந்த ஆண்டு முடிவதற்குள் இல்லாமல் போனது.

ஜீப் மேல் ஒலிவக் கிளை

ஜெயித்த அமெரிக்கா எல்லோரையும் 1991 அக்டோபர் 30 அன்று மாட்ரிட்டுக்கு அழைத்தது. இஸ்ரேல் பிரதமர் யிட்சாக் ஷமீர் வைத்த நிபந்தனைகள் கடுமையானவை: விடுதலை இயக்கத்தின் ஆட்கள் வரக்கூடாது, கிழக்கு ஜெருசலேம்காரர்கள் வரக்கூடாது, பாலஸ்தீனர்கள் தனிக் குழுவாகவும் வரக்கூடாது. ஜோர்டானோடு சேர்ந்த குழுவாக வந்தார்கள். தலைமை தாங்கியவர் காசாவின் மூத்த மருத்துவர் ஹைதர் அப்துல் ஷாஃபி. ஜெருசலேமின் ஃபைசல் ஹுசைனியும், குழுவின் குரலாகப் பேசிய ஹனான் அஷ்ராவியும் ஆலோசகர்கள் என்ற பெயரில் உடன் போனார்கள்.

எழுச்சியை உள்ளிருந்தே பார்த்தவர்கள் உலக மேடையில் ஏறிப் பேசியது அதுதான் முதல் முறை. அப்துல் ஷாஃபியின் பேச்சு ஊரில் எல்லோரையும் தொட்டது. அந்த நாட்களில் நடந்த ஒரு காட்சி: நேற்று வரை கல்லெறிந்த இளைஞர்கள் சமாதானச் சின்னமான ஒலிவக் கிளைகளை எடுத்துக்கொண்டு போய் இஸ்ரேல் ராணுவ ஜீப்புகள் மேல் செருகினார்கள். இன்டிபாடா மாட்ரிட்டோடு முடிந்தது என்று எழுதுபவர்களும் உண்டு. இந்தக் காட்சியை நினைத்தால் அவர்கள் சொல்வதும் விளங்குகிறது. யாரும் உத்தரவு போடாமல், பேச்சு ஆரம்பித்துவிட்டது என்ற நம்பிக்கையில் மக்களே கையை இறக்கிய நாட்கள் அவை.

ஆனால் மாட்ரிட்டுக்குப் பின் வாஷிங்டனில் நடந்த பேச்சு சுற்றுச் சுற்றாகப் போனதே தவிர நகரவில்லை. குடியேற்றங்கள் கட்டுவதை நிறுத்து என்பதுதான் அப்துல் ஷாஃபி குழுவின் விடாப்பிடியான கோரிக்கை. நிலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே நிலத்தைத் தின்றால் கடைசியில் பேச என்ன மிஞ்சும் என்பது அவர்கள் வாதம். எனக்கு அதில் மறுப்பே இல்லை.

அந்தக் குளிர்காலம்

1992 ஜூன் தேர்தலில் ஷமீர் தோற்று ராபின் பிரதமரானார். அடி, உதை என்று பேசிய அதே ராபின்தான், இப்போது சமாதானம் என்று வாக்குக் கேட்டு வென்றார். டிசம்பரில் இஸ்ரேல் எல்லைக் காவலர் ஒருவரை ஹமாஸ் கடத்திக் கொன்றது. பதிலுக்கு ஹமாஸ், இஸ்லாமிய ஜிஹாத் ஆட்கள் என்று சொல்லி 415 பேரைப் பேருந்தில் ஏற்றி லெபனான் எல்லைக்கு அப்பால் இறக்கிவிட்டது இஸ்ரேல். லெபனான் உள்ளே விடவில்லை. மர்ஜ் அல் ஸுஹூர் என்ற மலைச்சரிவில் பனியில் கூடாரம் போட்டுக் கிடந்தார்கள். உலகச் செய்தியாளர்கள் அங்கே குவிந்தார்கள். ஹமாஸின் பெயர் உயர்ந்தது, வாஷிங்டன் பேச்சு நின்றது.

1993 மார்ச்சில் மட்டும் பதினைந்து இஸ்ரேலியர் கொல்லப்பட்டார்கள். மாதக் கடைசியில் ராபின் மேற்குக் கரையையும் காசாவையும் மூடினார். அனுமதிச் சீட்டு இல்லாமல் இனி யாரும் இஸ்ரேலுக்குள்ளோ ஜெருசலேமுக்குள்ளோ வரக்கூடாது. தற்காலிகம் என்று தொடங்கிய அந்த மூடல் நிரந்தரமானது. தினக்கூலிகளின் வயிற்றில் விழுந்த அடி அது.

அதே குளிர்காலத்தில், ஜனவரி 20 அன்று, நார்வேயின் சார்ப்ஸ்போர்க் நகருக்கு வெளியே ஒரு மாளிகையில் ஐந்து பேர் சந்தித்தார்கள். இரண்டு இஸ்ரேல் கல்வியாளர்கள், யாயிர் ஹிர்ஷ்ஃபெல்டும் ரோன் பண்டாக்கும். துனிசிலிருந்து அபு அலா என்கிற அகமது குரையும் அவரோடு இருவரும். சந்திப்பு டெர்யே ரோட் லார்சன், மோனா யூல் என்ற நார்வேத் தம்பதியின் ஏற்பாடு. முந்தின நாள்தான் இஸ்ரேல் நாடாளுமன்றம் விடுதலை இயக்கத்தோடு பேசினாலே குற்றம் என்ற சட்டத்தை நீக்கியிருந்தது. வசந்தம் போய்க் கோடை வந்தபோது கல்வியாளர்களோடு அரசு அதிகாரிகளும் வந்து உட்கார்ந்தார்கள். இஸ்ரேல் வெளியுறவு அமைச்சர் ஷிமோன் பெரஸ் முன்னிலையில் ஆகஸ்ட் 20 விடிகாலையில் ஓஸ்லோவில் முதல் கையொப்பம் ரகசியமாகப் போடப்பட்டது.

வாஷிங்டனில் உலகமே பார்க்கப் பேசிக்கொண்டிருந்த அப்துல் ஷாஃபிக்கு இப்படி ஒன்று நடப்பது தெரியாது.

ஏன் மறைத்தார்கள்? ராபினின் கணக்கு புரிந்துகொள்ளக் கூடியதுதான். உள்ளே இருந்த குழு குடியேற்றம், ஜெருசலேம் என்று விட்டுக்கொடுக்காமல் நின்றது; துனிசிலோ சம்பளம் போடக் காசில்லாமல், ஹமாஸ் வளர்வதைப் பார்த்துக்கொண்டு, அங்கீகாரத்துக்காகத் தவித்த ஒரு தலைமை இருந்தது. யாரிடம் குறைந்த விலைக்கு முடியும் என்பது தெளிவு. அராபத்தின் பக்கமிருந்து பார்த்தால், உள்ளூர்த் தலைவர்கள் தானாக ஓர் ஒப்பந்தம் போட்டுவிட்டால் துனிசில் இருப்பவர்களுக்கு இடமே இருக்காது. அந்தப் பயத்தை வெறும் பதவி ஆசை என்று மட்டும் சொல்ல மாட்டேன். அகதிகளாகச் சிதறிக் கிடந்த லட்சக்கணக்கானோருக்கும் அவர் தலைவர். மண்ணில் ஒரு காலை ஊன்றினால்தான் மற்றதெல்லாம் என்று அவர் நினைத்திருக்கலாம். என்ன கொடுத்து அந்தக் காலை ஊன்றினார் என்பதில்தான் எனக்கு வருத்தம்.

செப்டம்பர் 13

ராபினுக்கு அராபத் எழுதிய கடிதம் இஸ்ரேல் அமைதியாக வாழும் உரிமையை ஏற்றது, பயங்கரவாதத்தைக் கைவிட்டது. ராபினின் பதில் மிகச் சுருக்கம்: விடுதலை இயக்கத்தைப் பாலஸ்தீன மக்களின் பிரதிநிதியாக ஏற்று, அதோடு பேச்சுவார்த்தை தொடங்குவோம். பாலஸ்தீன நாடு என்று ஒரு வார்த்தை அதில் இல்லை. மூன்றாவது கடிதம்தான் முதலில் சொன்ன, நார்வே அமைச்சருக்குப் போனது.

செப்டம்பர் 13 அன்று வெள்ளை மாளிகைப் புல்வெளியில் பெரஸும் விடுதலை இயக்கத்தின் மஹ்மூத் அப்பாஸும் கையெழுத்திட்டார்கள். கிளின்டன் நடுவில் நிற்க, ராபினும் அராபத்தும் கைகுலுக்கினார்கள். அப்துல் ஷாஃபி அந்த விழாவுக்குப் போகவில்லை.

ஒப்பந்தப்படி காசாவிலும் மேற்குக் கரையின் ஜெரிக்கோ நகரிலும் முதலில் பாலஸ்தீனத் தன்னாட்சி, பிறகு மற்ற பகுதிகளுக்கு விரிவு, ஐந்தாண்டு இடைக்காலம். ஜெருசலேம், அகதிகள், குடியேற்றங்கள், எல்லைகள் எல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கப்பட்டன. குடியேற்றங்களை நிறுத்தும் வரி அதில் இல்லை. அப்போது மேற்குக் கரையில் குடியேறியிருந்தவர்கள் ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்தார்கள், கிழக்கு ஜெருசலேமைச் சேர்க்காமல். 2000-ஆம் ஆண்டில் அது இரண்டு லட்சத்தை நெருங்கியது.

ஊரில் கொண்டாட்டம்தான். இத்தனை ஆண்டு ஒளித்துவைத்துத் தைத்த கொடிகள் மொட்டை மாடிகளில் பறந்தன, இம்முறை யாரும் சிறைக்குப் போகவில்லை. எழுச்சி தொடங்கியதிலிருந்து அந்த நாள் வரை இஸ்ரேல் தரப்பால் கொல்லப்பட்ட பாலஸ்தீனர்கள் ஆயிரத்துக்கும் மேல், அதில் 200-க்கும் மேற்பட்டவர்கள் சிறார். பாலஸ்தீனர்களால் கொல்லப்பட்ட இஸ்ரேலியர் 160 பேர் அளவில். ஹமாஸ் ஒப்பந்தத்தை ஏற்கவில்லை, தாக்குதல்களை நிறுத்தவுமில்லை. ஆனால் கடையடைப்பும் துண்டறிக்கையுமாக ஊர் சேர்ந்து நடத்திய இன்டிபாடா அத்தோடு நின்றது.

தோற்றதா, ஜெயித்ததா? இரண்டுக்கும் ஆம் என்று சொல்லலாம். ராணுவத்தால் அதை அடக்க முடியவில்லை, இஸ்ரேல் தன் எதிரியின் பெயரைச் சொல்லி அங்கீகரிக்க வேண்டி வந்தது. இது சாதாரண விஷயம் அல்ல. கல்லைத் தவிர வேறெதுவும் இல்லாதவர்கள் சாதித்தது இது. அதே நேரம், பால் விநியோகத்திலிருந்து பள்ளி வரை தாங்களாக நடத்திப் பழகிய மக்களுக்கு, இனி எல்லாவற்றையும் வெளியிலிருந்து வரும் நிர்வாகம் பார்த்துக்கொள்ளும் என்றானது. எழுச்சியை நடத்தியவர்களில் சிலர் அந்த நிர்வாகத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள், சிலர் வெறுத்து ஒதுங்கினார்கள், பலர் இன்னும் சிறையில் இருந்தார்கள்.

1994 ஜூலை 1 அன்று அராபத் எகிப்து வழியாகக் காசாவுக்குள் நுழைந்தார். சாலையின் இரு பக்கமும் மக்கள் வெள்ளம். மாத நடுவில், எரெஸ் வாசலில் வேலைக்குப் போக விடியுமுன்னே வந்து காத்து நின்ற தொழிலாளர் கூட்டம் அனுமதிச் சீட்டுக் கெடுபிடியில் கொதித்தெழுந்தது. கல்லெறி, துப்பாக்கிச் சூடு, மறுபடி சாவு. ஏறக்குறைய ஏழாண்டுக்கு முன் அந்த நான்கு பேர் வேலை முடிந்து வண்டியில் ஊர் திரும்பிய அதே வழிதான். 1994-இல் அங்கே போக அட்டை வேண்டியிருந்தது, சீட்டு வேண்டியிருந்தது, பேர் பட்டியலில் இருக்க வேண்டியிருந்தது.